சலவைக்கல்லில் வந்த புள்ளிகள்

குளியலறையில் கை கழுவும் தொட்டியைச் சுற்றிப் புதிதாகப் பதித்த வெள்ளைச் சலவைக்கல். பத்தே நாளில் அதில் மங்கலான புள்ளிகள்! துடைத்தாலும் போகவில்லை. கடைக்காரர் மட்டமான கல்லைத் தலையில் கட்டிவிட்டாரோ? அவசரப்படாதீர்கள். முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள்.

சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அது உப்புக் கறை. கடின நீர் உலரும்போது அதிலுள்ள கால்சியம் உப்புகள் அப்படியே படிந்துவிடுகின்றன. மேடும் இல்லை, நிறமும் மாறவில்லை, பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் பளபளப்பு மட்டும் போயிருக்கிறது என்றால், அங்கே எதுவும் ஒட்டியிருக்கவில்லை, கல்தான் கரைந்திருக்கிறது.

சலவைக்கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ, கழிவறை கழுவும் அமிலமோ தெறித்தால் அது கரைந்து கரியமில வாயு வெளியேறும், மெருகு போய்விடும். தாஜ்மகாலின் மக்ரானா கல்லும் இதற்கு விலக்கல்ல. கல் பதித்தபோது மிஞ்சிய துண்டில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுண்ணிய குமிழிகள் வரும். கருங்கல்லில் வராது.

வேடிக்கை என்னவென்றால், அந்த உப்புக் கறையும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். அதைப் போக்க வினிகர் ஊற்றச் சொல்வார்கள். பீங்கானில் ஊற்றலாம். சலவைக்கல்லில் ஊற்றினால் கறையோடு கல்லும் கரையும்; புள்ளியை அழிக்கப் போய்ப் பெரிய வட்டமே வந்து சேரும். மங்கிய இடத்துக்கு மறுபடி மெருகு போடுவதுதான் வழி.