குகைக்குள் தொலைந்த 25 நாட்கள்

1962 செப்டம்பர் 14. ஆல்ப்ஸ் மலையில், பிரான்ஸும் இத்தாலியும் தொட்டுக்கொள்ளும் இடத்துக்கு அருகே உள்ள ஸ்காராசோன் குகை. திட்டமிட்ட காலம் முடிந்துவிட்டது, மேலே வரலாம் என்று உள்ளே தனியாக இருந்த மிஷேல் சிஃப்ருக்குச் சொன்னார்கள். அவரால் நம்ப முடியவில்லை. அவருடைய கணக்குப்படி அன்று ஆகஸ்ட் 20தான். ஜூலை நடுவில் இறங்கியவர், சுமார் இரண்டு மாதத்தில் 25 நாட்களைத் தொலைத்திருந்தார்.

சிஃப்ர் 23 வயது நிலவியலாளர். நிலத்தடிப் பனிப்பாறையை ஆராயப் போனவருக்கு, கடிகாரமும் சூரியனும் இல்லாமல் வாழ்ந்தால் மனிதன் என்ன ஆவான் என்று பார்க்கும் ஆசை வந்தது. மேலே முகாமிட்டிருந்த குழுவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நீங்களாகக் கூப்பிடக் கூடாது, நேரத்தைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. கண் விழித்தாலும், சாப்பிட்டாலும், படுக்கப் போனாலும் அவர்தான் தொலைபேசியில் கூப்பிடுவார். மேலே இருப்பவர்கள் மணியைக் குறித்துக்கொள்வார்கள். 130 மீட்டர் ஆழம், உறையவைக்கும் குளிர், எப்போதும் ஈரமாகவே இருந்த கால்கள். அவருடைய உடல் வெப்பநிலை 34 டிகிரி செல்சியஸ் வரைகூட இறங்கியது.

கூப்பிடும்போது அவர் செய்த சோதனைகளில் ஒன்று மிக எளியது. நொடிக்கு ஒன்று வீதம் 1 முதல் 120 வரை எண்ண வேண்டும். சரியாக எண்ணினால் இரண்டு நிமிடத்தில் முடியும். சிஃப்ர் ஒரே சீராக, நிதானமாக எண்ணியதாகத்தான் நினைத்தார். மேலே இருந்த கடிகாரத்தில் ஐந்து நிமிடம் ஓடியிருந்தது.

குழு குறித்து வைத்த மணிக்கணக்கு இன்னொரு வியப்பைத் தந்தது. நாட்களைக் கோட்டைவிட்ட அதே மனிதரின் உடல் கிட்டத்தட்டச் சரியாகவே இயங்கியிருந்தது. அவர் விழித்து, இயங்கி, உறங்கி மறுபடி விழித்த சுற்று ஏறத்தாழ 24 மணி 30 நிமிடம். வெயிலே படாத குகையிலும் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கடிகாரம் மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியில் இருப்பதை அறிவியல் பின்னாளில் கண்டறிந்தது. உறக்கத்தையும் பசியையும் முறைப்படுத்துவது அதன் வேலை. ஆனால், ‘எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?’ என்று கேட்டால் அது பதில் சொல்வதில்லை.

பிறகு பதில் சொல்வது யார்? ஒளிக்குக் கண் உண்டு, ஒலிக்குக் காது உண்டு. நேரத்துக்கென்று தனிப் புலன் கிடையாது. உடல் இருக்கும் நிலை, கவனம் நிற்கும் இடம், நினைவில் தங்கிய நிகழ்வுகள் எல்லாவற்றையும் வைத்து மூளை ஒரு கணக்குப் போடுகிறது. உள்ளே நிலைமை மாறினால் கணக்கும் மாறும். குகையில் ஒன்றிரண்டு நாட்களுக்கு முன் என்ன செய்தோம் என்பதே நினைவில் நிற்கவில்லை என்று சிஃப்ர் பின்னாளில் விளக்கினார். எல்லா நாளும் ஒரே இருட்டு, ஒரே கூடாரம். அடையாளம் இல்லாத நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

உடலின் பங்கை ஒரு காய்ச்சல் காட்டிக்கொடுத்தது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க உடலியலாளர் ஹட்சன் ஹோக்லண்டின் மனைவி ஃப்ளூ காய்ச்சலில் படுத்திருந்தார். மருந்து வாங்கக் கடைக்குப் போன ஹோக்லண்ட் 20 நிமிடத்தில் திரும்பிவிட்டார். மனைவியோ, இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள் என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் காய்ச்சலில் பேசுகிறார் என்று விட்டிருப்பார்கள். ஹோக்லண்ட் கடிகாரத்தை எடுத்தார். மனத்துக்குள்ளேயே எண்ணி 60 நொடி ஆனதும் சொல்லும்படி மனைவியைக் கேட்டு, காய்ச்சல் ஏறும்போதும் இறங்கும்போதும் திரும்பத் திரும்ப அளந்தார். காய்ச்சல் ஏற ஏற எண்ணிக்கை வேகமெடுத்தது. உச்சத்தில், நாற்பது நொடிகூட ஆகாதபோதே ஒரு நிமிடம் முடிந்துவிட்டதாக அந்த அம்மாள் சொன்னார். நோயாளிக்கு இரவு நீண்டுகொண்டே போவதில் உடல் சூட்டுக்கும் பங்கு இருக்கிறது. உடல் குளிர்ந்திருந்த சிஃப்ர் மெதுவாக எண்ணியதற்கும் இதுவே ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பயம் வந்தால் கணக்கு வேறு மாதிரி. விபத்தில் சிக்கியவர்கள் ‘எல்லாம் மெதுவாக நடந்தது மாதிரி இருந்தது’ என்பார்கள். அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் டேவிட் ஈகிள்மன் சிறு வயதில் கூரையிலிருந்து விழுந்தவர்; அவருக்கும் அப்படித்தான் இருந்ததாம். அது உண்மைதானா என்று சோதிக்க, உயரமான கோபுரத்திலிருந்து 31 மீட்டர் கீழே வலையில் விழும் ஒரு சாகச விளையாட்டைப் பயன்படுத்திக்கொண்டார். கயிறு கிடையாது, முதுகு கீழே பார்க்க விழ வேண்டும். கிட்டத்தட்ட இரண்டரை நொடி. விழுபவரின் மணிக்கட்டில் ஒரு சிறு கருவி கட்டப்பட்டிருக்கும். அதில் எண்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மாறிக்கொண்டே இருக்கும். நேரம் உண்மையிலேயே மெதுவாகிறது என்றால், விழும்போது அந்த எண்களைப் படிக்க முடிய வேண்டும்.

யாராலும் படிக்க முடியவில்லை. ஆனால், மற்றவர்கள் விழ எடுத்துக்கொண்ட நேரத்தோடு ஒப்பிடச் சொன்னபோது, தாங்கள் விழுந்த நேரம் சராசரியாக 36 சதவீதம் கூடுதல் என்றார்கள். 2007இல் வெளியான இந்த ஆய்வுக்கு ஈகிள்மன் குழு தந்த விளக்கம், பயத்தில் நினைவு அடர்த்தியாகப் பதிகிறது என்பது. காற்று, வயிற்றில் ஏறிய பயம், விலகிப்போகும் வானம் எல்லாம் நுணுக்கமாகப் பதிந்துவிடுவதால், திரும்பிப் பார்க்கும்போது அந்த இரண்டரை நொடி நீண்டு தெரிகிறது. எல்லாப் பயத்துக்கும் இந்த ஒரு விளக்கம் போதாது. பிரான்ஸில் உளவியலாளர் சில்வி திரா-வொலேயும் அவருடைய குழுவும் மாணவர்களுக்குத் திகில் படக் காட்சிகளைக் காட்டிய பிறகு சில நொடிகளை அளக்கச் சொன்னபோது, அவை நீளமாகத் தோன்றின. சோகக் காட்சிகளுக்குப் பிறகு அப்படி நடக்கவில்லை. உடல் பரபரத்தால் உள்கணக்கும் பரபரக்கிறது என்பது அவர்கள் முடிவு.

கடந்துகொண்டிருக்கும் நேரம் ஒன்று, கடந்து முடிந்த நேரம் இன்னொன்று. இதை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே தம் உளவியல் நூலில் எழுதியிருக்கிறார். கல்யாண வீட்டில் ஒரு நாள் போனதே தெரியாது; பிறகு நினைத்தால் ஒரு வாரத்துக்கான கதை இருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் பகல் நகராது. அடுத்த வருடம் யோசித்தால் சுவரும் நாற்காலியும் தவிர ஒன்றும் மிஞ்சாது.

சிஃப்ரைப் போலவே குகையில் நாட்களைத் தொலைத்தவர் இன்னொருவர். ஸ்பெயினின் மலையேற்ற வீராங்கனை பியாட்ரிஸ் ஃபிளாமினி, கிரனாடா அருகே ஒரு குகையில் சுமார் 500 நாள் இருந்துவிட்டு 2023 ஏப்ரலில் வெளியே வந்தார். 65ஆம் நாள் வாக்கில் எண்ணுவதையே விட்டுவிட்டார். படிப்பதும் வரைவதும் பின்னுவதுமாக நாட்கள் போயின. வெளியே வரும்போது 160, 170 நாள்தான் ஆகியிருக்கும் என்பது அவர் கணிப்பு. விரும்பி ஏற்ற தனிமை அவருக்குப் பாரமாக இல்லை.

விரும்பாமல் வந்த தனிமை வேறு. 2020இல் பிரிட்டன் முழுக்க கொரோனா ஊரடங்கில் இருந்தபோது, ரூத் ஆக்டன் என்ற உளவியலாளர் 604 பேரிடம் நேரம் எப்படிப் போகிறது என்று கேட்டார். எண்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் வழக்கம்போல் இல்லை என்றார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே திசையில் மாறவில்லை. மாறியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஓடியது, பாதிப் பேருக்கு ஊர்ந்தது. வயதானவர்கள், மன அழுத்தத்தில் இருந்தவர்கள், கையில் வேலை குறைந்தவர்கள், மனிதர்களோடு பழகுவதில் நிறைவு இல்லாதவர்கள் ஆகியோருக்கே அது அதிகம் ஊர்ந்தது. பூட்டிய கதவு எல்லோருக்கும் ஒன்றுதான், உள்ளே இருந்த மனம் வேறு வேறு.

இந்த ஆய்வுகள் வெறும் வேடிக்கை அல்ல என்பது மனச்சோர்வு நோயில் தெரிகிறது. நேரமே போகவில்லை என்பது அந்த நோயாளிகள் அடிக்கடி சொல்வது. 2015இல் இரண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சில நொடிகளையோ நிமிடங்களையோ அளக்கச் சொன்னால், மனச்சோர்வு உள்ளவர்கள் மற்றவர்களைப் போலவேதான் அளக்கிறார்கள். ஆனால் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டால், மெதுவாகப் போகிறது என்கிறார்கள். எனவே, வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் ‘பொழுதே போக மாட்டேங்குது’ என்று சொன்னால், வேலை இல்லாததால் வரும் பேச்சு என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எதிலாவது பிடிப்பு இருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவரிடமும் அழைத்துப்போக வேண்டும்.