செயலி ஏன் ஊகிக்கிறது?

பொறியியல் இளநிலையில் ‘கம்ப்யூட்டர் ஆர்கிடெக்சர்’ தாளுக்குச் செயலியின் ஐந்து கட்டப் பைப்லைனை வரைந்து பாகம் குறிக்கத் தெரிந்தாலே பெரும்பாலும் தேறிவிடலாம். அதே தாள் எம்.டெக்., எம்.எஸ். படிப்பில் மறுபடி வரும்போது கேள்விகள் வேறு. இந்தப் பாகத்தை எடுத்துவிட்டால் வேகம் எவ்வளவு குறையும்? இரண்டு மடங்காக்கினால் சிலிக்கானில் எவ்வளவு இடம் பிடிக்கும், எவ்வளவு மின்சாரம் தின்னும்? எல்லாவற்றுக்கும் எண்ணில் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படி அளந்து பார்ப்பதையே பாடமாக ஆக்கியவர்கள் ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஹென்னெஸியும் பெர்க்லியின் டேவிட் பேட்டர்சனும். 1990-ல் முதலில் வெளியான அவர்களுடைய புத்தகம் பல பதிப்புகள் கண்டு இன்றும் முதுநிலை வகுப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2017-ம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

அளப்பது என்றால் என்ன என்பதற்கு ‘பிராஞ்ச் பிரெடிக்‌ஷன்’ நல்ல உதாரணம். ‘இப்படியானால் இந்த வழி, இல்லாவிட்டால் அந்த வழி’ என்று நிரலில் வரும் கட்டளைதான் பிராஞ்ச். எந்த வழி என்பது முடிவாகச் செயலியின் பல கடிகாரச் சுழற்சிகள் பிடிக்கும். அதுவரை செயலி காத்திருப்பதில்லை. ஒரு வழியை ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் தவறினால், செய்த வேலையைத் தள்ளிவிட்டு மறுபடி சரியான வழியில் தொடங்க வேண்டும்.

ஒரு சுழற்சிக்கு 4 கட்டளைகளை முடிக்கும் செயலியை எடுத்துக்கொள்வோம். தடையே இல்லாவிட்டால் 100 கட்டளைகளுக்கு 25 சுழற்சிகள். அந்த நூறில் 20 பிராஞ்சுகள் என்றும், ஒரு தவறுக்கு 15 சுழற்சிகள் வீண் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஊகம் 95 சதவீதம் சரியாக இருந்தால் 20-ல் ஒன்று தவறும். 25 சுழற்சி 40 ஆகிவிடும். 99 சதவீதம் சரியாக இருந்தாலோ சராசரியாக 3 சுழற்சிதான் நஷ்டம், மொத்தம் 28. வெறும் நான்கு சதவீத முன்னேற்றம், செயலியின் வேகத்தை 40 சதவீதத்துக்கும் மேல் கூட்டுகிறது. இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்த மாணவருக்கு, இவ்வளவு பேர் ஏன் ஊகிப்பதைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊகிக்கும் முறையோ ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையாகத் தொடங்குகிறது. போன தடவை போன வழியிலேயே இப்போதும் போகும் என்று ஒரே ஒரு பிட்டில் குறித்துவைக்கலாம். 10 முறை சுற்றும் லூப்பில் இது இரண்டு இடத்தில் தவறும்: கடைசியில் வெளியேறும்போது ஒன்று, அடுத்த தடவை அதே லூப்புக்குள் நுழைந்ததும் இன்னொன்று. இரண்டு பிட் வைத்து, ‘அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் மட்டும் எண்ணத்தை மாற்று’ என்று விதித்தால் இரண்டாவது தவறு மறைந்துவிடும். ஒரே ஒரு பிட் கூடுதல் செலவில் தவறு பாதியாகிறது. ஜேம்ஸ் ஸ்மித் 1981-ல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதைத்தான் பேசுகிறது. வகுப்பில் அதை மூல வடிவிலேயே படிக்க வைப்பது நல்லது. இன்றைய சிக்கலான ஊகிப்பான்களுக்குள் நுழைய அதைவிடச் சுலபமான வாசல் இல்லை.

2018 ஜனவரியில் இதே ஊகம் பெரிய பாதுகாப்புப் பிரச்சினையாக வெளியே வந்தது. தவறான வழியில் செய்த வேலையைச் செயலி தள்ளிவிட்டாலும், அப்போது ‘கேஷ்’ என்ற வேக நினைவகத்துக்குள் கொண்டுவந்த தரவு அங்கேயே தங்கிவிடுகிறது. எந்தத் தரவு சீக்கிரம் கிடைக்கிறது என்று நேரத்தை அளந்தே ரகசியங்களைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டியது ‘ஸ்பெக்டர்’ தாக்குதல். வேகத்தையும் மின்செலவையும் அளந்துவந்த துறை, கசிவையும் அளக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் கரும்பலகையால் மட்டும் மனதில் படிந்துவிடாது. ஜெம்5 போன்ற சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும், வெரிலாக்கில் எழுதி எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு வழி திறந்தது, 2010-ல் பெர்க்லியில் தொடங்கிய ‘ரிஸ்க்-ஃபைவ்’. இந்தக் கட்டளைத் தொகுதியை வைத்து உரிமக் கட்டணமின்றி யாரும் செயலி வடிவமைக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ செயலிகள் இதன் மேல் எழுந்தவைதான். சக்தியை அடிப்படையாகக் கொண்டு இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய ‘ஐரிஸ்’ சிப் 2025-ல் அறிவிக்கப்பட்டது.

சக்தியின் மூல வடிவமைப்பு இணையத்தில் திறந்தே கிடக்கிறது. முதுநிலைக்குச் சேர நினைப்பவர்கள் அதை இப்போதே இறக்கி வாசிக்கத் தொடங்கலாம். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் கூடவே கம்பைலரும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் கொஞ்சம் தேற்றிக்கொள்ள வேண்டும். கணினி அறிவியல் படித்தவர்கள் வெரிலாக்கில் கை பழக வேண்டும்.