படைவீரரும் பல்நலமும்

பெங்களூரில் தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளுள் ஆஸ்டின் டவுனும் ஒன்று. அதனை அடுத்து இராணுவ நிலங்கள் உள்ளன. சற்றுத் தொலைவில், பழைய விமான நிலையச் சாலையில், விமானப்படையின் கட்டளை மருத்துவமனை அமைந்துள்ளது. படையில் சேர விரும்பும் இளைஞர் ஓட்டத்திலும் உடற்பயிற்சியிலும் கருத்தாய் இருப்பர். ஆனால், படைத்தேர்வின் மருத்துவப் பரிசோதனையில் பற்களுக்கும் மதிப்பெண் உண்டு என்பதைப் பலர் அறியார்.

மேல்தாடைப் பல் ஒன்று, தனக்கு நேரான கீழ்த்தாடைப் பல்லுடன் பொருந்தி இயங்கினால் மதிப்பெண் பெறும். வெட்டுப்பல், கோரைப்பல், முன்கடைவாய்ப்பல் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு மதிப்பெண். உணவை அரைக்கும் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு. நன்கு வளர்ந்த 32 பற்களும் இருப்பின் மொத்தம் 22 மதிப்பெண். தகுதி பெறக் குறைந்தது 14 வேண்டும்.

பல்லுக்கு இத்துணை முதன்மை ஏன்? பனிமலை முகாமில் காவல் புரியும் வீரருக்குப் பல்வேர் சீழ்பிடித்தால், அருகில் பல் மருத்துவர் இரார். அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஹெலிகாப்டர் தேவைப்படலாம். காவலிலும் ஓர் ஆள் குறையும். ஆகவே, வலி வருமுன் காப்பதே படையின் நெறி. இப்பணிக்கென இராணுவப் பல் மருத்துவப் படைப்பிரிவு 1941 பிப்ரவரி 1ஆம் நாள் தொடங்கப்பெற்றது.

விமானிகளுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும். ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்ட அழுத்தத்தில் பாதியே. அழுத்தம் குறைந்தால் அடைபட்ட காற்று விரிவடையும். சொத்தையிலோ, சரியாக அடைக்கப்படாத பல்லிலோ சிக்கிய காற்று அவ்வாறு விரிந்து கடும் வலியைத் தரும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானிகள் பலர் இவ்வலியால் வருந்தினர். 1957இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற வான்வெளி மருத்துவ நிறுவனம் விமானிகளின் உடல்தகுதியை ஆராய்கிறது. ககன்யான் விண்வெளிப் பயணத்திற்குரியோரைத் தேர்ந்தெடுக்கும் பரிசோதனைகளும் அங்கே நடைபெற்றன. பல் குறைபாட்டினால் விமானிகள் சிலர் அவ்வாய்ப்பை இழந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. விண்ணளவு உயர்ந்த கனவையும் சிறு சொத்தை தடுக்கக்கூடும்!

சொத்தை ஒரே நாளில் தோன்றுவதன்று. வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் எனாமலைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. எனாமலில் நரம்பு இல்லாமையால் தொடக்கத்தில் வலி தோன்றாது. வலி தோன்றும்போது சொத்தை ஆழமாகப் பரவியிருக்கும். எனவே, வலியில்லாத காலத்திலும் பற்களைப் பரிசோதித்தல் இன்றியமையாதது.

நம் முன்னோர் ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் பல் துலக்கினர். இன்று ஃபுளூரைடு கலந்த பற்பசை கிடைக்கிறது. காலையிலும் இரவு உறங்குமுன்னும் இரண்டு நிமிடம் பல் துலக்குதல், இனிப்பைக் குறைத்தல், உண்டபின் வாய் கொப்புளித்தல், பல் மருத்துவரை முறையாகக் காணுதல் ஆகியவை வீரருக்கு மட்டுமன்றி மாணவருக்கும் உரிய நற்பழக்கங்களாகும்.

விடை எழுதுக

1. படைத்தேர்வில் தகுதி பெறக் குறைந்தது எத்தனை பல் மதிப்பெண் வேண்டும்?
2. விமானிகளுக்கு உயரத்தில் பல்வலி ஏற்படுவது ஏன்?
3. ‘வலி இல்லையெனில் பல் நலமாக உள்ளது’ என்னும் கருத்து சரியா? காரணம் தருக.