நாலு பெண்கள், நாலு வண்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை!

எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கு மட்டும் வாய் இருந்தால், நான் போகிற இடங்களை வரிசையாக ஒப்பித்துவிடும். பள்ளிக்கூடம், காய்கறி மார்க்கெட், ரேஷன் கடை, மாவு மில், மாமியாரின் மாத்திரைக்கு மருந்துக் கடை. ஐந்து வருஷமாக ஓட்டுகிறேன். ஒரு நாளாவது எனக்கென்று அதை எடுத்ததுண்டா? இல்லவே இல்லை. உங்களில் பலருடைய கதையும் இதுதானே, சகோதரிகளே?

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. தையல் வேலை செய்யும் என் தோழி, "இந்த மதுரையில பொறந்து வளர்ந்தும் ஒரு மலையடிவாரம்கூடப் பார்த்ததில்லடி" என்று பெருமூச்சு விட்டாள். வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று 2018 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், பாதி விலையோ 25,000 ரூபாயோ, எது குறைவோ அதை அரசு மானியமாகக் கொடுத்ததே, அதில் வண்டி வாங்கியவள் அவள். ஓய்வு பெற்ற டீச்சர் அக்கா, மூன்று வயதுக் குழந்தை வைத்திருக்கும் எங்கள் மாடி வீட்டுப் பெண், நான் என்று நாலு பேர் சேர்ந்தோம். மாதம் ஒரு ஞாயிறு, மதியச் சமையலுக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

வீட்டில் சொன்னதும் என்னவர் பேப்பரை மடித்து வைத்தார். "எதுக்கு இந்த வெட்டி அலைச்சல்? நாலு பொம்பளைங்க கூட்டமா வண்டியில போனா பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

எனக்குப் பதில் வரவில்லை. அடுக்களையிலிருந்து அத்தையின் குரல்தான் வந்தது. "ஏன்டா, உங்கம்மா சைக்கிள் ஓட்டினது உனக்கு மறந்து போச்சா?"

அத்தைக்குக் கீரனூர்ப் பக்கம் ஒரு கிராமம். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கி, பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தும் சைக்கிளும் சேர்ந்தால்தான் பெண் தன் காலில் நிற்பாள் என்று அவர் நம்பினார். ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்களாம். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள், ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டையை வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அப்போது சைக்கிள் பழகியவர்களில் எங்கள் அத்தையும் ஒருவர்!

"அன்னிக்கும் ஊரு சிரிச்சுச்சு. அப்புறம் அந்தச் சைக்கிள்லதான் தண்ணிக்குடம் வீட்டுக்கு வந்துச்சு. நீ போயிட்டு வா தாயி" என்றார் அத்தை. என்னவர் மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார்.

முதல் பிரயாணம் கீழக்குயில்குடிக்கு. விடியற்காலை காளவாசல் தாண்டி, தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைக்குப் போய்த் திரும்பினோம். சமணர் மலை, அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமர நிழல். படியேறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போனால், பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அங்கேயே இருந்திருக்கின்றன. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் நான் நாற்பத்தைந்து வயது வரை எட்டிப் பார்த்ததில்லை! குளத்தங்கரையில் புளியோதரையைப் பிரித்தோம். "நேத்து செஞ்ச குழம்பைப் பத்தி யாரும் பேசக் கூடாது" என்று டீச்சர் அக்கா சட்டம் போட்டார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இரண்டாவது பிரயாணத்தில்தான் சோதனை வந்தது. 2023 மார்ச் 5-ந் தேதி திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். சிலைமான் தாண்டியதும் காற்று. மாடி வீட்டுப் பெண்ணின் துப்பட்டா பின்னால் பறந்து சக்கரத்தை நோக்கி இறங்கியது. அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் வந்த டீச்சர் அக்கா விடாமல் ஹாரன் அடித்துக் கூவியதால் அவள் ஓரம் கட்டினாள். துப்பட்டா நுனி கிழிந்து கறுத்துப் போயிருந்தது. இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால்... நினைக்கவே நெஞ்சு பதறியது.

"எனக்குக் கைக்குழந்தை இருக்குக்கா. நான் இனி வரல" என்று அவள் அழுதுவிட்டாள். மெதுவாகத்தான் கீழடி போய்ச் சேர்ந்தோம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டுவரை பழமையானது என்று 2019-ல் தொல்லியல் துறை அறிவித்த ஊரின் பொருள்கள் அங்கே இருக்கின்றன. நூல் நூற்ற சுடுமண் தக்களிகளைப் பார்த்து எங்கள் தையல் தோழி நகரவே மறுத்தாள். "என் தொழிலுக்கு இவ்வளவு வயசாடி!" என்றாள். அழுத பெண்ணும் சிரித்தாள்.

வீட்டில் இதைச் சொல்லுவதா, மறைப்பதா? மறைத்தால் இன்னொரு நாள் இன்னொரு துப்பட்டா. சொல்லிவிட்டேன். என்னவர் முகம் மாறியது. அத்தை மட்டும், "எனக்கும் சேலை செயின்ல மாட்டி விழுந்திருக்கேன். சைக்கிளை விடல, சேலையைச் சொருகக் கத்துக்கிட்டேன்" என்றார்.

நாங்களும் கற்றுக்கொண்டோம். இப்போது எங்கள் சட்டங்கள் இவை:

துப்பட்டா வேண்டாம், வேண்டுமானால் இடுப்பில் இறுக்கிக் கட்டி 'பின்' குத்த வேண்டும். சேலையானால் முந்தானை செருகியிருக்க வேண்டும், வண்டியில் சேலை கார்டு இருக்க வேண்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் எல்லோருக்கும், பின்னால் உட்காருபவருக்கும். பட்டியை மாட்டாத ஹெல்மெட் தலையில் வைத்த பானைதான்.

வழி தெரிந்தவர் முன்னே, புதிதாக ஓட்டுபவர் நடுவே, அனுபவசாலி கடைசியில். அவர்தான் காவல். பேசிக்கொண்டே இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டவே கூடாது.

வேகம் 40-ஐத் தாண்ட வேண்டாம். சிக்னலில் ஒருத்தி மாட்டிக்கொண்டால் அவள் பறந்து வர வேண்டாம். தாண்டிப் போனவர்கள் ஓரமாக நின்று காத்திருக்க வேண்டும்.

அரை மணிக்கு ஒருமுறை இறங்கி, முதுகை நிமிர்த்தி, தண்ணீர் குடிக்க வேண்டும். தலைசுற்றலோ ஜுரமோ இருந்தால் அன்று ஓய்வுதான். பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை வண்டியில் அழைத்துப் போனால், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டியும், குழந்தைக்கேற்ற ஹெல்மெட்டும் வேண்டும். 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. 2023-லிருந்து இது சட்டம். பள்ளிக்கூடம் பக்கத்தில்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

மாடி வீட்டுப் பெண் இரண்டு மாதம் வரவில்லை. நாங்கள் வற்புறுத்தவும் இல்லை. மூன்றாம் மாதம், துப்பட்டாவே இல்லாத குர்தாவும் புது ஹெல்மெட்டுமாக அவளே வாசலில் வந்து நின்றாள். "குழந்தையை அவங்கப்பா பார்த்துக்கறாராம்க்கா!"

அப்புறம் இன்னொன்று. சனிக்கிழமை சாயங்காலம் என்னவர் என் வண்டியை வெளியே எடுத்துப் போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "காத்தும் பிரேக்கும் பார்த்தாச்சு" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் அரிட்டாபட்டி போகிறோம். மலையும் சுனையும் பறவைகளுமாக, 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த கிராமம். "ஒருத்தி பின்னாடி நானும் உட்கார்ந்துக்கிறேன்" என்கிறார் அத்தை. அவருக்கு அளவான ஹெல்மெட்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.