சுவாமியின் சட்டைக்கு என்ன நிறம்?

புனே, பாலேவாடியில் மால்குடி என்ற கற்பனை ஊர் சிறு மாதிரியாக எழுந்து நிற்கிறது. ஒலியும் ஒளியும் சேர்ந்து அதற்கு உயிர் கொடுக்கின்றன. 2022 மார்ச் 6 அன்று பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த, கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் அருங்காட்சியகம் அது. சின்னத்திரையில் பார்த்துப் பழகிய ஒரு முகத்தைப் பாப் ஆர்ட் பாணியில் தீட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் அங்கே போய்வர வேண்டும்.

மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் 1921-ல் பிறந்த லக்ஷ்மண், புனேயில்தான் 2015 ஜனவரி 26 அன்று காலமானார். அண்ணன் ஆர்.கே. நாராயணின் மால்குடிக் கதைகள் 1980-களின் பிற்பகுதியில் ‘மால்குடி டேஸ்’ என்ற தூர்தர்ஷன் தொடராக வந்தபோது, அதன் முகப்பை அலங்கரித்தவை தம்பியின் கோட்டோவியங்கள். ஷங்கர் நாக் இயக்கம், எல். வைத்தியநாதன் இசை, கர்நாடகத்து ஆகும்பேயில் படப்பிடிப்பு. அதில் சிறுவன் சுவாமியாக வந்த மாஸ்டர் மஞ்சுநாத்தை ஒரு தலைமுறையே தன் வீட்டுப் பிள்ளையாக நினைத்தது.

பொருத்தம் எங்கே?

பாப் ஆர்ட் 1950-களில் பிரிட்டனில் முளைத்து, அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவில் ஓங்கியது. சூப் டப்பா, காமிக்ஸ், சினிமா நட்சத்திரம் என எல்லோருக்கும் தெரிந்தவையே அதன் கருப்பொருள். ஆண்டி வார்ஹோல் 1962-ல் மர்லின் மன்றோவின் சினிமா விளம்பரப் படம் ஒன்றை எடுத்து, ஒரே படைப்பில் ஐம்பது முறை அச்சிட்டார். பாதி வண்ணம், பாதி கறுப்பு வெள்ளை. ராய் லிக்டன்ஸ்டைன் காமிக்ஸ் அச்சின் புள்ளிகளைப் பெரிதாக்கிக் கேன்வாஸில் ஏற்றினார்.

நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு 1982-லேயே வந்துவிட்டாலும், பல வீடுகளில் வெகுகாலம் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சுவாமியின் முகம் மறக்காது. சட்டையின் நிறம் தெரியாது. வார்ஹோல் செய்ததுபோல அந்த முகத்துக்கு நிறம் கொடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. ஆரஞ்சுச் சட்டை, நீலக் கன்னம், மஞ்சள் பின்னணி எதுவும் தப்பில்லை.

தீட்டும் முறை

ஒரு பக்கம் நிழல் விழுந்த முகப்படத்தைத் தேர்ந்தெடுங்கள். கைபேசியில் அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சம், நடுநிழல், அடர்நிழல் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்டுக் கேன்வாஸில் பெரிதாக்குங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே அக்ரிலிக் வண்ணம். குழைக்காமல், தட்டையாக இரண்டு பூச்சு கொடுக்கலாம். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்கு வாருங்கள். விளிம்பு கூர்மையாக வர மாஸ்கிங் டேப் உதவும். புள்ளிகளுக்குத் துளையிட்ட அட்டையை வைத்து, ஸ்பாஞ்சில் கொஞ்சமே வண்ணம் தொட்டு ஒற்றுங்கள். வண்ணம் கூடினால் அட்டைக்கு அடியில் கசிந்துவிடும். கறுப்புக் கோடு கடைசியில்.

கோட்டுக்கு லக்ஷ்மண்தான் ஆசான். 1951 முதல் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் வந்த அவருடைய ‘சாமானியன்’ என்ற கார்ட்டூன் பாத்திரத்துக்குக் கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, மூக்குக்கண்ணாடி, வழுக்கையோரத்துச் சிலிர்த்த முடி போதும், நாடே அடையாளம் கண்டது. சுவாமியை வரையும்போதும் காது மடல், கழுத்து நிழல் எல்லாவற்றையும் விட்டுவிடலாம். கண்களை விடக் கூடாது.

இன்னொரு முகமும் இருக்கிறது. லக்ஷ்மணின் கற்பனையில் பிறந்து 1988-ல் ஒளிபரப்பான ‘வாக்ளே கி துனியா’வின் குமாஸ்தா வாக்ளே. நடித்தவர் அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ். இயக்கிய குந்தன் ஷா, புனே திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியில் படித்தவர். தினமும் அதே ஆபீஸ், அதே கவலை என்று வாழ்ந்த வாக்ளேயை நான்கு சட்டங்களில், நான்கு நிறங்களில் அடுக்கினால் அந்த வாழ்க்கையே படமாகிவிடும்.

வரையத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். லக்ஷ்மணுக்கே மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளி இடம் தர மறுத்தது. மர்லினை வரைய உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. சுவாமியையும் வாக்ளேயையும் நாம்தான் வரைய வேண்டும். இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து தொடங்குங்கள்.