பஞ்சாயத்துக் கையெழுத்து மட்டும் போதுமா?

ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "சார், ஓடையை மூடிட்டு பிளாட் கல்லு நட்டிருக்காங்களே, அதுக்கு யாரு சார் கையெழுத்துப் போட்டாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

காரணம் உண்டு. 2013இல் நானும் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லை நம்பி ஒரு மனை வாங்கியவன். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோதுதான் என் மனையும் அதில் ஒன்று என்று தெரிந்தது. 2017ஆம் ஆண்டின் வரன்முறை விதிகளின்படி கட்டணம் செலுத்தி அதைச் சரிசெய்தேன். குடிமையியல் நடத்தும் நானே ஏமாந்திருக்கிறேன்!

அந்த மாணவிக்குச் சொன்ன பதிலை இங்கே பகிர்கிறேன்.

ஊராட்சிப் பகுதியில் நிலத்தை மனைகளாகப் பிரிக்க ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது. முதலில் நகர் ஊரமைப்புத் துறை வரைபடத்தை ஆராய்ந்து தொழில்நுட்ப ஒப்புதல் தரவேண்டும். சாலை அகலம், பொது இடம், நீர்வழி ஆகியவை அப்போதுதான் பார்க்கப்படும். அதன் பிறகே ஊராட்சி இறுதி அனுமதி வழங்கலாம். பெரிய மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலாக 10 விழுக்காடு நிலத்தைப் பூங்கா, விளையாட்டிடம் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு விடவேண்டும்.

தொழிற்சாலைக்கு ஊராட்சி உரிமத்தோடு மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணையும் வேண்டும். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் ஆகியவற்றின்படி கட்டுவதற்கு முன் ஒன்று, இயக்குவதற்கு முன் மற்றொன்று என இருமுறை இசைவு பெறவேண்டும்.

ஏரி, குளம், ஓடை ஆகியவை புறம்போக்கு நிலங்கள். ஊர்ப் பொதுக்குளத்தை ஆக்கிரமித்த வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம், அத்தகைய ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. பல ஆண்டுகளாக இருக்கிறது என்பதோ, கட்டிச் செலவழித்துவிட்டோம் என்பதோ காரணமாகாது என்றும் கூறியது.

வகுப்பில் ஒரு செயல்பாடும் செய்தோம். வருவாய்த் துறையின் இணையதளத்தில் அ-பதிவேட்டைத் திறந்து அந்தப் புல எண்ணைப் பார்த்தோம். 'ஓடை' என்றே இருந்தது. மாணவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். பள்ளி ஊருக்கு நடுவே இருப்பதால் நான் யார்மீதும் குற்றம் சொல்லவில்லை. பதிவேட்டைப் படிக்க மட்டுமே கற்றுக்கொடுத்தேன்.

அடுத்த கிராம சபையில் அந்த மாணவியின் தாயார் எழுந்து கேட்டார். ஓடையை அளந்து தரக் கோரும் தீர்மானம் பதிவானது. அளவீடு இன்னும் நடக்கவில்லை. ஆனாலும் கேள்வி பதிவேட்டில் ஏறிவிட்டது.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. பாடம் முடிந்ததும் இந்த ஆறு நாள்களையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள், நண்பர்களே. வீட்டுக்குப் போய்ச் சொல்லும் பிள்ளை ஒன்றாவது இருக்கும்.