புளியங்கொட்டையும் மண்ணும் கலை ஆச்சு!

ஆமதாபாத்தில் ஒரு மாதம் தங்கிய அமெரிக்க ஓவியர்

மண், காகிதக் கூழ், வெந்தயத் தூள், அரைத்த புளியங்கொட்டை, சாக்குக்கட்டித் தூள், பிசின், மயில்துத்தம்.

நாட்டு வைத்தியர் எழுதிய மருந்துச் சீட்டு அல்ல இது. உலகப் புகழ் பெற்ற அமெரிக்க ஓவியர் ஒருவர் ஆமதாபாத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்த கலவை!

அவர் பெயர் ராபர்ட் ராஷன்பர்க். இத்தாலியில் வெனிஸ் கண்காட்சியில் 1964-ல் ஓவியத்துக்கான பெரிய பரிசைத் தட்டிச் சென்றவர். அதே ஆண்டு ஒரு நடனக் குழுவுடன் இந்தியா வந்தபோது ஆமதாபாத்தையும் எட்டிப் பார்த்தார்.

1975-ல் மறுபடி வந்தார். அப்போது வயது 49. இந்தத் தடவை சுற்றிப் பார்க்க அல்ல, தங்கி வேலை செய்ய!

மில் முதலாளி வீட்டில்

அழைத்தவர்கள், மில் அதிபர்களான சாராபாய் குடும்பத்தினர். விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய் பிறந்த குடும்பம்தான்.

வெளிநாட்டுக் கலைஞர்களை வரவழைத்து, இடமும் சாப்பாடும் கொடுத்து, இஷ்டப்படி வேலை செய்ய விடுவது அந்த வீட்டு வழக்கம். காற்றில் ஆடும் சிற்பங்களுக்குப் பெயர் போன அலெக்சாண்டர் கால்டர் 1955-லேயே வந்துவிட்டார். பயணத்துக்கு ஈடாகச் சிற்பம் செய்து கொடுப்பது என்று பேச்சு!

சேற்றில் கை வைத்தார்

ராஷன்பர்க் வேலைக்குப் போன இடம், காந்தியடிகள் நிறுவிய ஆசிரமத்தைச் சேர்ந்த கைக்காகித ஆலை. கூழில் மூங்கில் சிம்பையும் துணித் துண்டுகளையும் சேர்த்துச் சில படைப்புகள் செய்தார். அவற்றுக்கு 'எலும்புகள்' என்று பெயர் வைத்தார்.

அக்கம்பக்கத்தில் ஏழைகளின் மண் வீடுகள். அவர் கண் அந்தச் சுவர்களில் போய் நின்றது. அதேபோல மண்ணைக் குழைத்து, கயிறும் மூங்கிலும் துணியும் சேர்த்து அடுத்த வரிசையைச் செய்தார். அதன் பெயர் 'இணைப்புகள்'.

புளியங்கொட்டை மாவு மில் ஊருக்குப் புதுசு இல்லை. பாவு நூலுக்குக் கஞ்சி போட உதவும் சரக்கு. ஊர்க்காரர்களுக்கு அது தொழில் சாமான். வந்தவருக்கோ அது கலைச் சாமான்!

பட்டும் பசியும்

துணிக்கடைகளும் அவரைச் சும்மா விடவில்லை. ஊர் திரும்பியதும் பட்டையும் பருத்தியையும் தைத்து, பிரம்புக் கழிகளில் தொங்க விட்டார். 'ஜாமர்ஸ்' என்ற அந்த வரிசை 1975, 76-ம் ஆண்டுகளில் உருவானது. அதுவரை கிழிந்த தாளையும் பழைய டயரையும் வைத்து வேலை செய்தவர், பளபளக்கும் பட்டுக்கு மாறிவிட்டார்.

ஏன்? காரணத்தை அவரே பின்னால் சொன்னார். ஒரே ஒரு துணிதான் சொத்து என்று இருப்பவர்கூட அழகான பட்டுத் துணியாக அதை உடுத்தியிருந்ததைப் பார்த்தாராம். அதன் பிறகு, அழகாகச் செய்யக் கூச்சப்படத் தேவையில்லை என்று தோன்றிவிட்டதாம்.

"நல்லா இருக்கே கதை! ஏழை கட்டியிருக்கிற ஒத்தைத் துணி இவருக்கு அழகாத் தெரியுதாக்கும்!" என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. மழையில் மண் சுவர் கரைந்தால், மறுபடி பூச வேண்டியவர் உள்ளே குடியிருப்பவர்தான். விருந்தாளி ஒரு மாதத்தில் மூட்டை கட்டிவிடுவார்.

ஆனாலும் ஒரு விஷயத்தை மறுக்க முடியாது. அவர் ஏழையை நிற்க வைத்துப் படம் போடவில்லை. ஏழையின் சுவர் எதனால் ஆனது என்று பார்த்து, அந்தச் சேற்றில் தானும் கை வைத்தார்.

சங்கு ஓய்ந்தது

1980-களில் ஆமதாபாத் மில்கள் வரிசையாக மூடப்பட்டன. 'இந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெயர் வாங்கிய ஊரில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். ராஷன்பர்க்கும் 2008-ல் காலமானார்.

அவர் ஆமதாபாத்தில் செய்தவை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கின்றன. ஆமதாபாத் மண்ணுக்கும் புளியங்கொட்டைக்கும் அமெரிக்கத் தலைநகரில் பாதுகாப்பு! அந்த மண் சுவர்களுக்குள் குடியிருந்தவர்களின் பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.